படகை நிறுத்தியவள்

எங்கள் தீவுகளில் ஒருவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டுமென்றால் முதலில் படகு நேரம் பார்க்க வேண்டும். மெயின்லேண்டிலிருந்து வரும் பயிற்சிப் புத்தகத்தில் அது இருக்காது. 'அபாய அறிகுறி தெரிந்தால் உடனே மேல் மருத்துவமனைக்கு அனுப்பவும்' என்று ஒரு வரி இருக்கும். அந்த 'உடனே'வைப் படித்ததும் எனக்கு எதிரில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பிறகு, சிரித்தது போதும், அடுத்த பக்கம் என்று அதட்டுவேன். அதட்டுவது எனக்குக் கைவந்த கலை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் அம்மா சொல்வார். என் மாணவிகள் என்ன சொல்கிறார்கள் என்று நான் விசாரித்ததில்லை.

நான் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்தவள். கிராமங்களில் வீடு வீடாகப் போகும் ஆஷா பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும், அவர்களுக்கு வரும் சாமான் பைகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், கொடுத்ததை ஒழுங்காகப் பயன்படுத்துகிறார்களா என்று நேரில் போய்ப் பார்ப்பதும் சில வருடங்களாக என் வேலை. வீடு போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையில், பாம்பூஃப்ளாட்டில். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அரசாங்க வேலைக்கு இங்கே வந்தவர். நான் இங்கேயே பிறந்தவள். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் ஹிந்தி. வகுப்பும் ஹிந்தியில்தான். வங்காளி, தெலுங்கு, மலையாளி, ராஞ்சிக்காரர் எல்லாருக்கும் பொதுவானது அது ஒன்றுதானே. ஆனால் கோபம் வந்தால் எனக்குத் தமிழ்தான் வரும். வகுப்பில் தமிழ் தெரிந்தவள் யாராவது இருந்துவிட்டால் அவள் பாடு திண்டாட்டம். மற்றவர்களுக்குப் புரியாத திட்டெல்லாம் அவள் ஒருத்திக்குப் புரியும்.

அப்படி மாட்டிக்கொண்டவள்தான் கச்சால்காரி. நான் அவளைக் கூப்பிட்டது அப்படித்தான். அவளுடைய தாத்தா காலத்து ஆட்கள் இலங்கை மலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள். அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டக் குடியேற்றப்பட்டார்கள். இவள் கச்சாலில் பிறந்து, டோங்கி என்கிற சின்னப் படகு வைத்து மீன் பிடிக்கும் ஒருவனைக் கட்டிக்கொண்டு, லாங் ஐலண்டுக்கு அப்பால் படகு மட்டுமே போகும் ஒரு குடியிருப்புக்கு வந்தவள். அந்த இடத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் யார் எவர் என்று அரை மணியில் கண்டுபிடித்துவிடுவார்கள். அவ்வளவு சின்ன ஊர்.

பயிற்சியின் கடைசி நாளில் ஆளுக்கொரு நீலப் பை கொடுத்தோம். எடை பார்க்கும் தராசு, தெர்மாமீட்டர், டார்ச், மருந்துப் பொட்டலங்கள், அப்புறம் பட்டனை அழுத்தினால் தானே காற்றடித்து எண்ணைக் காட்டும் பிரஷர் மெஷின். எல்லாப் பெண்களும் மெஷினைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் உறையோடேயே திரும்பப் பைக்குள் வைத்தார்கள். எங்கள் ஊர்க்காற்றில் ஆணி துருப்பிடிக்கும், பூட்டு துருப்பிடிக்கும், மூக்குக் கண்ணாடியின் கம்பிகூடத் துருப்பிடிக்கும். அரசாங்கச் சாமானை உறை பிரிக்காமல் வைத்திருப்பதுதான் மரியாதை என்று நினைப்பவர்கள். கச்சால்காரி மட்டும் அங்கேயே பல்லால் கடித்து உறையைக் கிழித்தாள்.

"என்ன அவசரம்?" என்று கேட்டேன்.

"உப்புக் காத்து மூடி வெச்சாலும் தின்னும், தொறந்து வெச்சாலும் தின்னும் மேடம். அது தின்னு முடிக்கறதுக்குள்ள நாம யூஸ் பண்ணிக்குவோம்" என்றாள்.

அந்தப் பதில் எனக்குப் பிடித்துப் போயிற்று. பிடித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை, காட்டினால் வகுப்பு கெட்டுவிடும்.

அவள் யூஸ் பண்ணியதுதான் வினையாயிற்று.

அந்தக் குடியிருப்பில் வீடுகள் மேட்டிலும் பள்ளத்திலும் சிதறிக் கிடக்கும். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் பாக்குத் தோப்பு இருக்கும், ஓடை இருக்கும், மழைக்காலத்தில் அட்டை இருக்கும். ஆனால் படகு நேரத்தில் மொத்த ஊரும் படகுத்துறைக்கு, எங்கள் பேச்சில் ஜெட்டிக்கு, இறங்கிவிடும். போகிறவர்கள் கொஞ்சம் பேர். வழியனுப்ப வருகிறவர்கள், சாமான் வாங்க வருகிறவர்கள், யார் போகிறார்கள் என்று பார்க்க வருகிறவர்கள் நிறையப் பேர். கச்சால்காரி கணக்குப் போட்டாள்: நான் ஏன் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்க வேண்டும்? ஜெட்டிக் கொட்டகையின் பெஞ்சில் மெஷினை விரித்துவிட்டாள். படகு வருவதற்குள் கர்ப்பிணிகள், கிழவர்கள், சர்க்கரை நோய்க்காரர்கள் எல்லாருக்கும் பிரஷர் பார்த்துவிடலாம். அந்த மாதிரி ஊரில் இருப்பவளுக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை. எனக்கு யாராவது முன்னமே சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். சொல்லவில்லை.

ஒரு நாள் படகு புறப்படும் நேரம். வங்காளி வீட்டு மருமகள் ஒருத்தி, ஏழு மாதக் கர்ப்பிணி, மாமியாரை வழியனுப்ப மேட்டிலிருந்து வேகுவேகென்று இறங்கி வந்தாள். தலையில் பலாக்காய் மூட்டை. வெயில். வந்ததும் வராததுமாக அவளைப் பெஞ்சில் உட்கார வைத்துக் கச்சால்காரி கையில் பட்டையைச் சுற்றினாள். சுற்றிலும் நாலு பேர் பேச்சு, படகின் சங்குச் சத்தம், மாமியார் ஒரு பக்கம் பலாக்காயை எண்ணுகிறாள். மெஷின் பெரிய எண்ணைக் காட்டியது. காட்டாமல் என்ன செய்யும்? கச்சால்காரி பயந்துபோய்ப் படகை நிறுத்தினாள். வீட்டுக்கு ஆள் ஓடி, துணிமணி எடுத்து, புருஷனைத் தோப்பிலிருந்து கூட்டிவந்து ஏற்றுவதற்குள் படகு வெகுநேரம் தாமதமாகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணைக் காற்றாட உட்காரவைத்துப் பார்த்தார்கள். பிரஷர் சாதாரணமாக இருந்தது. அடுத்த படகிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு மறந்திருப்பார்கள். எங்கள் பக்கத்தில் ஒன்று தவறினால் வரிசையாக எல்லாம் தவறும். படகு தாமதித்தால் பஸ் போய்விடும். பஸ் தாமதித்தால் கான்வாய் போய்விடும். காட்டுப் பாதையில் வண்டிகள் இஷ்டத்துக்குப் போக முடியாது, குறித்த நேரத்தில் காவலோடு கூட்டமாகத்தான் போக வேண்டும். அதை விட்டால் போர்ட் பிளேர் போய்ச் சேர்வது மறுநாள்தான். அதற்குள் சென்னைக் கப்பல் கிளம்பியிருக்கும். அன்றைக்கு அந்தப் படகில் இருந்த ஒரு கான்ட்ராக்டருக்குக் கப்பல் போய்விட்டது. இராமநாதபுரத்துக்காரர். தங்கை மகள் கல்யாணத்துக்குக் கிளம்பியவர். தாய்மாமன் இல்லாமல் அங்கே தாலி கட்டினார்கள்.

அவர் சும்மா இருப்பாரா? எங்கள் அதிகாரிக்குப் போன் போட்டுப் பொரிந்து தள்ளிவிட்டார். அதிகாரி என்னைக் கூப்பிட்டார். "நேர்ல போய்ப் பாருங்க. இன்னொரு தடவை இப்படி நடந்தா பையைத் திருப்பி வாங்கிட்டு வந்துடுங்க. வேற யாரையாவது போட்டுக்கலாம்" என்றார். வேறு யாரும் அங்கே இல்லை என்பது அவருக்கும் தெரியும். அந்த ஊருக்குப் பொறுப்பான நர்ஸ் இன்னொரு குடியிருப்பையும் சேர்த்துப் பார்ப்பவள்; பாதி நாள் இங்கே, பாதி நாள் அங்கே. நடுவில் வரும் வலியும் காய்ச்சலும் கச்சால்காரி பொறுப்பு. அவளிடமிருந்து பையை வாங்கிவிட்டால் அந்த மேடு பள்ளத்தில் ஒருவரும் ஏறி இறங்க மாட்டார்கள்.

ஃபெர்ரி, பஸ், படகு என்று ஏறி இறங்கி நான் போய்ச் சேர்ந்தேன். ஜெட்டி டீக்கடையில் டீ கேட்டேன். கடைக்காரர் கிளாஸை நீட்டி, "ஆற வெச்சுக் குடிங்க மேடம், இல்லாட்டி பிரஷர் ஏறிடும்" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆஸ்பத்திரியில் சொன்னதைக் கேட்டு வந்து, பிரஷரை ஆற வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று ஊரே படித்திருந்தது. பயிற்சி வகுப்பில் தொண்டை கிழியக் கத்தியும் நாலு பேருக்கு ஏறாத பாடம், ஒரே ஒரு அவமானத்தில் சின்னப் பிள்ளை வரை ஏறிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நான் டீயை ஆற வைக்காமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

கச்சால்காரி வீட்டில் நீலப் பை ஆணியில் தொங்கியது. தராசு இருந்தது, தெர்மாமீட்டர் இருந்தது. மெஷினைக் காணோம்.

"எங்கே?"

அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். கல்யாணப் புடவைக்கு அடியில், துண்டில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டுக் கட்டி வைத்திருந்தாள். பல்லால் உறையைக் கிழித்தவள்.

"அன்னைலேருந்து தொடல மேடம். எண்ணு வந்தா நான் என்ன பண்ணட்டும்? போட்ட நிறுத்தினா அடிக்க வர்றாங்க. நிறுத்தாம உட்டு என்னாச்சும் ஆயிட்டா? அதான் பார்க்கவே வேணாம்னு வெச்சுட்டேன்."

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். எனக்கு அவள்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. தப்பு மெஷினில் இல்லை, பார்த்த இடத்தில்தான், அவசரத்தில்தான் என்று விளக்கினேன். விளக்கினேன் என்ன, கத்தினேன். தமிழில். அக்கம்பக்கத்தில் அந்தத் தமிழ் புரிகிறவர்கள் அதிகம் இல்லாதது நல்லதாயிற்று.

"எனக்கே பாரு இப்ப" என்று கையை நீட்டினேன்.

அவள் நீட்டிய கையைத் தொடவில்லை. முறத்தை எடுத்து எனக்கு விசிறினாள். பேசக்கூடாது என்று விரலைக் காட்டினாள். என்னைச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்து, காலைக் கீழே ஊன்றச் சொல்லி, கைக்கு அடியில் தலையணை வைத்தாள். அவள் சோறு வடித்து முடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருந்தேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அபூர்வம். பிறகு பட்டையைச் சுற்றினாள். பட்டனை அழுத்தினாள்.

"நூத்தம்பது மேடம்."

"ஆற வெச்சுமா?"

"ஆற வெச்சும்" என்றாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "நீங்கதான் ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

நானும் சிரித்துவிட்டேன். இனிமேல் வீட்டில் வைத்துத்தான் பார்க்க வேண்டும், ஆற வைத்துத்தான் பார்க்க வேண்டும், பெரிய எண் வந்தால் கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் பார்க்க வேண்டும் என்று முடிவாயிற்று. நாளைக் காலையிலிருந்தே ஆரம்பிக்கிறேன் என்றாள். பையை வாங்குவதா வேண்டாமா என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதிகாரி சொன்னது அவள் காதுக்கு எப்படியோ எட்டியிருந்தது என்பது மட்டும் அவள் சாப்பாடு பரிமாறிய விதத்தில் தெரிந்தது. அவ்வளவு மீன் வைத்தாள்.

மறுநாள் காலை நான் என் பையோடு ஜெட்டிக்கு இறங்கினேன். கச்சால்காரி விடிந்ததுமே மெஷினை எடுத்துக்கொண்டு மேட்டுப் பக்கம் போயிருந்தாள். படகு நின்றது. மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன. கான்ட்ராக்டரும் வந்திருந்தார். இந்த முறை சென்னைக் கப்பல் இல்லை, போர்ட் பிளேரில் ஏதோ ஆபீஸ் வேலை. என்னைப் பார்த்ததும் கும்பிட்டு, "நல்லா நாலு வார்த்தை சொல்லி வெச்சீங்களா?" என்று கேட்டார். சொன்னேன் என்றேன். அவருக்குத் திருப்தி.

படகோட்டும் சாரங் சங்கை ஊதினார். கயிற்றை அவிழ்க்க ஒருவன் குனிந்தான். அப்போதுதான் மேட்டுப் பாதையில் கச்சால்காரி ஓடி வந்தாள். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். செருப்பு இல்லை.

"போட்ட எடுக்காதீங்க! ஆள் வருது!"

"யாரு?" என்றார் கான்ட்ராக்டர்.

அவள் யாரென்று சொன்னாள். அதே வங்காளி வீட்டு மருமகள். இப்போது எட்டு மாதம் முடிந்திருந்தது.

ஜெட்டியில் ஒரு சிரிப்பு கிளம்பியது. பிறகு கூச்சல். ஹிந்தியிலும் வங்காளியிலும் தெலுங்கிலும் திட்டினார்கள். எந்த மொழியாக இருந்தாலும் விஷயம் ஒன்றுதான். "ஃபிர் ஸே?" என்று ஒரு கிழவர் தலையில் கைவைத்தார், மறுபடியுமா என்று. கயிற்றைப் பிடித்தவன் சாரங்கைப் பார்த்தான். சாரங் கையை அசைத்தார், அவிழ் என்று. அவர் கெட்டவர் இல்லை. போன தடவை அவருக்கும் மேலிடத்தில் பேச்சு விழுந்திருந்தது.

கச்சால்காரி கெஞ்சவில்லை. நேராகப் போய், கயிறு சுற்றியிருந்த குட்டை இரும்புத் தூணின்மேல் உட்கார்ந்துவிட்டாள். கயிற்றின்மேல். வெயிலில் காய்ந்த இரும்பு சுட்டிருக்கும்.

"என்னைத் தூக்கிப் போட்டுட்டு அவுத்துக்கோ" என்றாள். ஹிந்தியில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை.

கயிற்றுக்காரன் பின்வாங்கினான். பொம்பளையைத் தொட்டுத் தூக்க அவனுக்குத் தைரியம் இல்லை.

கான்ட்ராக்டர் என் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க சொல்லுங்க. நீங்க படிச்சவங்க, பெரிய நர்ஸு. நீங்க நெசமுன்னு சொன்னா நாங்க நிப்போம். இவ பேச்சைக் கேட்டு நிக்கணும்னா எங்களால ஆகாது."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கச்சால்காரியும் பார்த்தாள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். படகு நின்றுவிடும். எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் நான் அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. பார்த்தவள் இவள். இன்றைக்கு என் வார்த்தைக்காகப் படகு நின்றால், நாளைக்கு நான் பாம்பூஃப்ளாட்டில் இருக்கும்போது இவள் வார்த்தைக்காக நிற்காது. என்றைக்குமே நிற்காது. அதே சமயம், நான் வாயை மூடிக்கொண்டு படகு போய்விட்டால்? மேலே மேட்டில் ஒரு பெண்ணும் அவள் வயிற்றில் ஒரு பிள்ளையும். வேலைக்கு வந்த இத்தனை வருடத்தில் அப்படிப் பயந்ததில்லை.

"நான் பார்க்கல" என்றேன். "அவ பார்த்திருக்கா. அவகிட்டக் கேளுங்க."

கூட்டத்தில் யாரோ, இங்கே கொண்டுவந்து நீங்களே ஒரு தடவை பாருங்களேன் என்றார். இங்கே பார்த்தால் போன தடவை மாதிரிதான் இருக்கும், இங்கே பார்க்கும் எண்ணுக்கு மதிப்பில்லை என்றேன். அது அவர்களுக்கே தெரிந்திருந்தது.

கான்ட்ராக்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரும்புத் தூணின் பக்கம் போனார். அடிக்கப் போகிறாரோ என்று நினைத்தேன்.

"ஏம்மா, ஆற வெச்சுப் பார்த்தியா?" என்று கேட்டார்.

"ஆற வெச்சுத்தான் பார்த்தேன்."

"ஓடியாந்தாளா? மூட்டை கீட்டை தூக்குனாளா?"

"எங்க தூக்கறது? தலைவலின்னு நேத்துலேருந்து படுத்தே கிடக்கா. படுத்திருந்தவள உக்கார வெச்சு, நேரம் விட்டுப் பார்த்தேன். மறுபடி நேரம் விட்டு, அடுத்த கையிலயும் பார்த்தேன். ரெண்டும் ஒண்ணுதான் காட்டுது. மூஞ்சி வீங்கிக் கெடக்கு. கண்ணு முன்னால பூச்சி பறக்குதுங்கிறா. சச்சி, நெசமாத்தான் சொல்றேன் அண்ணே, எனக்கு ஒண்ணும் சரியாப் படல."

கான்ட்ராக்டர் மேட்டுப் பாதையைத் திரும்பிப் பார்த்தார். தங்கை மகள் கல்யாணம் அவர் மனதில் ஓடியதா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியாது. பிறகு சாரங்கைப் பார்த்து ஹிந்தியில், "இருங்க, வரட்டும்" என்றார். படகின் நீள பெஞ்சிலிருந்து தன் மூட்டையை எடுத்துக் கீழே வைத்து, ஆள் படுக்க இடம் விட்டார்.

மருமகளை நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கி வந்தார்கள். மாமியார் பின்னால் அழுதுகொண்டே வந்தாள். அவள் அழுதது பயத்தால் இல்லை. மறுபடியும் ஊர் சிரிக்கப்போகிறதே என்று. மருமகளை மேட்டிலிருந்து இறக்க மாமியாரைச் சம்மதிக்க வைப்பதற்குள் கச்சால்காரி சண்டை போட்டிருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. அந்த மருமகள் வங்காளி இல்லை, எங்கள் தமிழ்ப் பெண்தான்; காதலித்துக் கட்டிக்கொண்டவள். பிறந்த வீடு பேச்சுவார்த்தை இல்லை. கச்சால்காரியை, அக்கா என்பதற்குப் பதில், 'தீதி' என்று கூப்பிடுவாள், ஊர் வழக்கப்படி.

பெஞ்சில் அவளை இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தேன். முகத்தைப் பார்த்ததும் எனக்கு முக்கால்வாசி புரிந்துவிட்டது. கைகள் வளையல் பதியும் அளவுக்கு வீங்கியிருந்தன. ஆனால் முக்கால்வாசி புரிவது வேறு, எண் வேறு. கடல் நடுவில் ஒரு தடவை மெஷினை வைத்துப் பார்த்தேன். எஞ்சின் அதிர்வில் அது தடுமாறி, எண்ணே காட்டாமல் அணைந்தது. இனி ஆஸ்பத்திரியில்தான் தெரியும்.

கச்சால்காரி அவள் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்து, வெளிச்சம் கண்ணில் படாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். படகு லாங் ஐலண்டைத் தாண்டியது. யாரும் அவளைத் திட்டவில்லை, என்ன ஆகிறதென்று பார்த்துவிட்டுத் திட்டலாம் என்று காத்திருந்தார்கள். எண் சாதாரணமாக வந்தால் அவளுடைய பையை நான் வாங்கியாக வேண்டும். அதைவிட, அவள் இனி எந்தப் படகையும் நிறுத்த மாட்டாள். யார் வீட்டில் யார் கண்முன் பூச்சி பறந்தாலும்.

வெகுநேரம் கழித்து, என் காதருகே வந்து மெல்லச் சொன்னாள்.

"அக்கா." அதுவரை மேடம் என்றே கூப்பிட்டவள். "ஒண்ணு சொல்றேன், திட்டாதீங்க. போட்டு ஏறினதுலேருந்து நான் சாமிகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுட்டு வர்றேன். இவ பிரஷர் எறங்கியிருக்கக் கூடாதுன்னு."

நான் அவளைப் பார்த்தேன். அவள் கண் நிறைந்திருந்தது.

"ஒரு புள்ளத்தாச்சிக்கு நோவு இருக்கணும்னு எவளாச்சும் வேண்டிக்குவாளா? நான் என்ன ஜென்மம்க்கா?"

"பேசாம உக்காரு" என்று அதட்டினேன். வேறு என்ன சொல்வது? நானும் அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன். நர்ஸ் வேலைக்கு வந்த நாளிலிருந்து எண் இறங்க வேண்டும் என்றுதான் வேண்டியிருக்கிறேன். அன்றைக்கு முதல் தடவையாக, ஒருத்திக்கு ஏறியே இருக்கட்டும் என்று மனசார நினைத்தேன். நினைக்கும்போதே, படுத்திருந்தவளின் வீங்கிய கால்விரல்களைப் பார்க்க வெட்கமாக இருந்தது. பார்வையைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

சொல்லி வைத்திருந்த ஆம்புலன்ஸ் அக்கரை ஜெட்டியில் நின்றது. ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்ததும் ஒரு நர்ஸ், "இது அந்த ஜெட்டி பிரஷர் கேஸ்தானே?" என்று இன்னொருத்தியைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கு நேரம் இல்லை. பிறகு ஒரு நாள் போய்த் தீர்த்துக்கொண்டேன். கட்டிலில் படுக்க வைத்தார்கள். காற்றாடியைப் போட்டார்கள். முறைப்படி ஆற வைத்தார்கள். கச்சால்காரி கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமியார் வாசலிலேயே நின்றுவிட்டாள். நர்ஸ் பட்டையைச் சுற்றினாள், பொறுமையாகப் பார்த்தாள், சிரிப்பு போயிற்று. மறுபடி பார்த்தாள். பட்டையைக் கழற்றாமலே டாக்டர் பக்கம் திரும்பி, "நூத்தி எழுபது, நூத்திப் பத்து" என்று கத்தினாள்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊசி போட்டார்கள். போர்ட் பிளேருக்கு அனுப்பினார்கள். குறைமாதத்திலேயே ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். தாய் பிழைத்தாள், குழந்தையும் பிழைத்தது. பையைப் பற்றி அதிகாரி பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் எனக்கு அதெல்லாம் இரண்டாம் பட்சம். அந்த எண் காதில் விழுந்த நிமிஷத்தைத்தான் நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கச்சால்காரியின் முகம் மலர்ந்துவிட்டது. அடக்க நினைத்தும் முடியாத மலர்ச்சி. என் கையை எட்டிப் பிடித்து அழுத்தினாள். நானும் அவள் கையை அழுத்தினேன். நானும் பல் தெரியச் சிரித்திருக்கிறேன்.

கட்டிலில் கிடந்தவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு அந்த எண்ணின் அர்த்தம் தெரியாது. எங்கள் முகம்தான் தெரிந்தது. அந்த வீங்கின முகத்தில் அவளும் சிரித்தாள்.

"கம்மி ஆயிருச்சா, தீதி?"

கச்சால்காரியின் சிரிப்பு அப்படியே நின்றது. என் கையை விட்டாள். கட்டிலோரம் குனிந்து அவள் நெற்றியில் ஒட்டிய முடியை ஒதுக்கினாள்.

"இல்லடா" என்றாள். "ஏறித்தான் இருக்கு. நான் எங்கயும் போகல, இங்கதான் இருப்பேன்."

அன்று திரும்பிய படகில் கச்சால்காரி ஊருக்குப் போகவில்லை.